பண்ணையிலிருந்து சுண்டிக்குளம் வரை: கரையோர வீதியில் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

"பூநாரை எங்கே நிற்கும்?" யாழ்ப்பாணத்துக் கரையோரமாக வண்டி ஓடிப் பார்க்க வருகிற புதியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஊர்ப் பெயரைச் சொன்னால் அது பாதிப் பதில். போன கிழமை மண்டைதீவுப் பக்கம் நின்ற கூட்டம் இந்தக் கிழமை பத்துக் கிலோமீற்றர் தள்ளி நிற்கலாம். எல்லாம் தண்ணீர் செய்கிற வேலை. யாழ்ப்பாணப் பரவைக் கடல் ஆழமில்லாதது, வற்றுப்பெருக்கு வித்தியாசமும் சிறிது. மழையும் காற்றும்தான் அதன் மட்டத்தை ஏற்றி இறக்குகின்றன. சிறிய உள்ளான்களுக்கு விரற்கடை ஆழம் வேண்டும், பவளக்காலிக்கு அரைச்சாண், பூநாரைக்கு முழங்கால் அளவு வரை சரி. மட்டம் ஒரு சாண் மாறினால் அவை எல்லாமே இடம் மாறிவிடும். ஆகவே தண்ணீர், காற்று, வெயில் மூன்றையும் பார்த்து நாளைக் குறியுங்கள். கிலோமீற்றர்க் கணக்கு அதற்குப் பிறகு.

இங்கே சொல்வது இரண்டு நாள் வழி. முதல் நாள் தீவகத்தைச் சுற்றி வருவது, இரண்டாம் நாள் வடமராட்சி கிழக்கு. மோட்டார் சைக்கிள் அல்லது ஸ்கூட்டியில் போகிறவரை நினைத்தே எழுதியிருக்கிறோம். காருக்கு வழி மாறுகிற இடத்தைத் தனியே சொல்லியிருக்கிறோம்.

எந்த மாதம்

வலசைப் பறவைகள் செப்ரெம்பர் கடைசியில் வரத் தொடங்கும், ஏப்ரலில் போய்விடும். ஆனால் அந்த ஏழு மாதமும் ஒரே மாதிரி இல்லை. ஒக்ரோபர் நடுப்பகுதியில் மழை தொடங்கி நவம்பர், டிசம்பரில் கொட்டும். அப்போது பரவை நிரம்பியிருக்கும். வயல்வெளி, குளம், பள்ளம் எல்லாவற்றிலும் தண்ணீர் நிற்பதால் பறவைகள் சிதறிப்போகும். வந்தவர்கள் ஏமாறுவது இந்த மாதங்களில்தான், போதாததற்கு வீதியிலும் வெள்ளம் நிற்கும்.

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரைதான் சரியான காலம். மழை ஓய்ந்து தண்ணீர் பின்வாங்க, கரையில் சேறு வெளிப்படும். சிதறிக் கிடந்தவை மிஞ்சிய தண்ணீரைச் சுற்றி வந்து சேரும். மே முதல் சோளகக் காற்று புழுதியைக் கிளப்பும். அப்போது உள்ளூர்ப் பறவைகளும் வெறித்த தரவை வெளியும்தான் மிச்சம். கடலும் வெளியும் பார்த்தால் போதும் என்பவர்கள் அப்போதும் போகலாம். பூநாரையை எதிர்பார்க்க வேண்டாம்.

போன இடத்தில் தண்ணீர் மட்டத்தை மதிப்பிட ஒரு சுலபமான வழி உண்டு. பரவைக்குள் தடி நட்டுக் கட்டிய சிறகுவலை பார்க்க நடந்து போகிற மீனவரைக் கவனியுங்கள். கரையிலிருந்து வெகுதூரம் போயும் தண்ணீர் அவருடைய முழங்காலுக்குக் கீழேயே நின்றால் அந்தப் பக்கம் பறவை இருக்கும். கரையோரமே இடுப்பளவு என்றால் வேறு இடம் பாருங்கள்.

புறப்படு முன்

வண்டியில் முதலில் ரயரையும் பிரேக்கையும் பாருங்கள். உப்புக் காற்றில் நிற்கிற வாடகை வண்டிகளில் பிரேக் கம்பி துருப்பிடித்து இறுகுவது வழமை. பிடியை அமத்தி விட்டால் உடனே திரும்புகிறதா என்று பார்த்து எடுங்கள். பெற்றோலை நகரத்திலேயே முழுதாக நிரப்புங்கள். தீவகத்திலோ வடமராட்சி கிழக்கிலோ போகிற வழியில் அடிக்கலாம் என்று நம்பிப் போகக் கூடாது. இரண்டாம் நாள் சுற்று மட்டும் 150 முதல் 170 கிலோமீற்றர் வரும்.

கொண்டு போக வேண்டியவை: ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், கைப்பம்பி, பஞ்சர் ஒட்டுகிற சாமான், முழுக்கைச் சட்டை, தொப்பி, பட்டி வைத்த செருப்பு அல்லது பழைய சப்பாத்து. தொலைநோக்கி வாங்குவதானால் 8 மடங்கு பெருக்கி, 42 மில்லிமீற்றர் வில்லை உள்ளது போதும். 12 மடங்கு என்று ஆசைப்பட்டு வாங்கினால் பாலத்துக் காற்றில் கை நடுங்கும், ஒன்றும் தெரியாது. கைத்தொலைபேசியால் பூநாரை எடுக்கலாம் என்ற எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது. படத்தில் வெறும் வெள்ளைப் புள்ளிதான் விழும், கிட்டப் போகத்தான் மனம் சொல்லும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க: அந்த நாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரம் மட்டும் இருந்தால் இங்கே வண்டி ஓட முடியாது. இங்கே செல்லுபடியாகும் அனுமதியை முன்கூட்டியே எடுங்கள். தலைக்கவசம் பின்னால் இருக்கிறவருக்கும் கட்டாயம். கடற்படை முகாம்கள், இறங்குதுறைகள் பக்கம் கமராவைத் தூக்காதீர்கள். ட்ரோனை அனுமதி இல்லாமல் பறக்கவிடாதீர்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்க, மேலே ஒன்று இரைந்தால் முழுக் கூட்டமும் எழும்பிவிடும்.

முதல் நாள்: தீவகம்

விடிய முன் புறப்பட்டு, வெளிச்சம் வருகிற நேரம் பண்ணைப் பாலத்தில் நில்லுங்கள். ஜனவரியில் அது காலை ஆறரை மணியை ஒட்டி. வீதி நகரத்திலிருந்து தென்மேற்காகப் போவதால் காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். முன்னுக்கும் வலப்பக்கத்துக்கும் நிற்கிற பறவைகளின் நிறம் தெளிவாகத் தெரியும். பின்னேரம் கிழக்கு நோக்கித் திரும்பும்போதும் அப்படித்தான். இந்தச் சுற்றை மறுவளமாக ஓடினாலும் தூரம் ஒன்றுதான், ஆனால் நாள் முழுக்கக் கறுப்பு உருவங்களைப் பார்த்துக்கொண்டு வருவீர்கள்.

பண்ணையில் ஓரமாக நிறுத்த இடம் இருக்கிறது. சிறகுவலைத் தடிகளில் நீர்க்காகம் செட்டை விரித்து உலர்த்தும், ஆலாக்கள் வரிசையாக இருக்கும். தலையும் நெஞ்சும் வெள்ளை, மிச்சம் செங்காவி நிறம் என்றால் அது செம்பருந்து. மண்டைதீவுச் சந்தி தாண்டி அல்லைப்பிட்டி வரைக்கும் இரண்டு பக்கமும் தரவையும் சேறும் மாறிமாறி வரும். இங்கே 30 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் ஓடினால் ஒன்றும் காண மாட்டீர்கள்.

வேலணையில் சாட்டிக் கடற்கரைக்குத் திரும்பலாம். குளிக்க நல்ல இடம், பறவைக்கு அவ்வளவு இல்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு நேரே புங்குடுதீவு வாணர் தாம்போதிக்குப் போங்கள்.

தாம்போதிதான் முதல் நாளின் முக்கிய இடம். பரவையின் நடுவால் தாழ்வாகப் போகிற ஒடுங்கிய வீதி அது. பறவை பார்க்க எவ்வளவு வசதியோ ஓட அவ்வளவு சங்கடம். குறிகட்டுவானுக்குப் போகிற பேருந்துகள் படகு நேரத்தைப் பிடிக்க வேகமாக வரும். பேருந்து வருவது தெரிந்தால் முன்கூட்டியே ஓரமாக முழுதாக நிறுத்தி விடுங்கள், ஓடியபடி ஒதுங்க வேண்டாம். போயா தினத்திலும் சனி ஞாயிறிலும் நயினாதீவுக்குப் போகிற வாகனங்கள் வரிசை கட்டும். வார நாளே நல்லது. பக்கக்காற்று பலமாக அடித்தால் ஸ்கூட்டி தண்ணீர்ப் பக்கம் தள்ளப்படும். வேகத்தைக் குறைத்து, கைப்பிடியை உறுதியாகப் பிடியுங்கள்.

பார்க்கும் முறையும் இங்கேயே பழகலாம். கூட்டத்துக்கு நேரே போய் நிறுத்தக் கூடாது. நூறு மீற்றர் முன்னுக்கே இயந்திரத்தை நிறுத்துங்கள். வண்டிக்குப் பின்னால் குந்தியிருந்து பாருங்கள். வண்டியைப் பறவைகள் அவ்வளவு பொருட்படுத்துவதில்லை, நடந்து வருகிற ஆளைத்தான் சந்தேகப்படும். மேய்ந்த தலைகள் ஒன்றொன்றாய் நிமிர்ந்தால் அதற்கு மேல் அசையாதீர்கள். பூநாரைகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினால் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள். பூநாரை நின்ற இடத்திலிருந்து சட்டென்று எழும்பாது, தண்ணீர் மேல் ஓடியோடித்தான் எழும்ப வேண்டும். அதற்குச் செலவாகிற சக்தியை அது மறுபடி தின்றுதான் ஈடுசெய்ய வேண்டும். பறக்கிற படத்துக்காகக் கல்லெறிகிறவர்களை இந்த வீதியில் காணலாம். கண்டால் தயங்காமல் சொல்லுங்கள்.

தூரத்தில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூநாரை அல்ல. நிறத்தை விட்டுவிட்டு, இரை தேடுகிற விதத்தைப் பாருங்கள். கழுத்தை முழுதாக இறக்கி, தலையைக் கவிழ்த்துச் சேற்றை வடிக்கிறது என்றால் பூநாரை. அலகைத் தண்ணீரில் வைத்து இடமும் வலமும் வீசிக்கொண்டே நடந்தால் கரண்டிவாயன். அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டபடி மெதுவாக நடப்பது மஞ்சள்மூக்கு நாரை, அதன் முதுகின் பின்பக்கத்தில் இளஞ்சிவப்புச் சாயலும் இருக்கும். புதியவர்கள் அதைப் பூநாரை என்று எண்ணிக்கொண்டு திரும்புவது அடிக்கடி நடக்கும். மிதந்துகொண்டு பையுள்ள அலகால் அள்ளுவது கூழைக்கடா. அசையாமல் நின்று திடீரென்று குத்தினால் கொக்கு அல்லது சாம்பல் நாரை. இன்னுமொன்று: இளம் பூநாரைகள் மங்கிய சாம்பல் நிறம். சிவப்பு தின்கிற இரையிலிருந்து ஏறுவது, அதற்குச் சில ஆண்டுகள் எடுக்கும். கூட்டத்தில் பாதி சாம்பலாக இருந்தால் வேறு இனம் கலந்து நிற்கிறது என்று குழம்பாதீர்கள்.

புங்குடுதீவுக்குள் மடத்துவெளி தாண்டிப் போனால் வீதி குறிகட்டுவான் இறங்குதுறையில் முடியும். நெடுந்தீவுக்குப் படகு இங்கிருந்துதான். காட்டுக் குதிரைகளைப் பார்க்க ஆசையென்றால் அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். கடலில் மட்டும் போக ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் செல்லும், திரும்புகிற படகைத் தவறவிட்டால் இரவு அங்கேதான். இந்தச் சுற்றோடு அதைச் சேர்த்தால் இரண்டும் கெடும்.

வந்த வழியே வேலணைக்குத் திரும்பி ஊர்காவற்றுறைக்குப் போங்கள். அங்கிருந்து காரைநகருக்குப் பாதை ஓடும். பாதை என்பது ஆளையும் வண்டியையும் ஏற்றிக் கடல் கடக்கிற மிதவை, மோட்டார் சைக்கிளை அதில் ஏற்றலாம். பாதை பழுதுபட்டு நிற்பதும், காற்றுக்கு நிறுத்தி வைப்பதும் உண்டு. வேலணையிலேயே ஒரு கடையில் "பாதை ஓடுதோ?" என்று கேட்டுவிட்டுப் போனால் வீண் ஓட்டம் மிச்சம். காருடன் வந்தவர்கள் பாதையை நம்பாமல், பண்ணை வழியே திரும்புவதாகத் திட்டமிடுங்கள். பாதையில் நிற்கும்போது கடலுக்குள் தெரிகிற கோட்டை ஹம்மன்ஹீல், போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்தியது, ஊரில் கடற்கோட்டை என்பார்கள்.

காரைநகரில் கசூரினாக் கடற்கரையில் மதிய வெயிலைப் போக்கலாம். பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை கானல் எழும்புவதால் எந்தத் தொலைநோக்கியிலும் பறவை ஆடித்தான் தெரியும். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் நிழலுக்கும் கொடுங்கள். நாலு மணிபோல் பொன்னாலைப் பாலத்துக்கு வாருங்கள். அங்கே கண்டல் ஓரங்களில் மீன்கொத்தியும் கொக்கும் நிச்சயம். பிறகு அராலி வழியாகக் கல்லுண்டாய் வெளி. குப்பைமேட்டு நாற்றத்தைப் பொறுத்தால் பருந்துக் கூட்டமும், எதிர்ப்பக்கத் தரவையில் ஆட்காட்டியும் பார்க்கலாம். மின்கம்பியில் மந்தமாகக் குந்தியிருக்கிற பறவை பறக்கும்போது நீலமாய் விரிந்தால் அது பனங்காடை.

இரண்டாம் நாள்: வல்லை வெளியும் வடமராட்சி கிழக்கும்

இந்த வழியைக் கட்டாயம் காலையில், வடக்கிலிருந்து தெற்காக ஓட வேண்டும். பருத்தித்துறைக்குக் கீழே வீதிக்கு இடப்பக்கம் கடல், வலப்பக்கம் நீரேரி. காலை வெயில் கடல் பக்கமிருந்து வந்து நீரேரியில் விழும். பின்னேரம் போனால் நேர்மாறு.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியில் வல்லை வெளிதான் முதல் நிறுத்தம். பாலத்தில் நிறுத்தாதீர்கள், வாகனங்கள் அங்கே வேகமாக வரும். பாலம் தாண்டி அகலமான ஓரத்தில் நிறுத்தி இடப்பக்கம் பாருங்கள். தொண்டைமானாற்றுக் கதவுகள் திறந்திருந்தால் இங்கே மட்டம் இறங்கும், பறவை கூடும். மூடியிருந்தால் வெறும் தண்ணீர்தான் தெரியும், நேரத்தை வீணாக்காமல் போய்விடுங்கள்.

பருத்தித்துறையில் சாப்பாடு, தண்ணீர், பெற்றோல் மூன்றையும் முடித்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு கடைகள் சிறியவை, மதியச் சாப்பாடு கிடைக்கும் என்ற நிச்சயம் இல்லை. வல்லிபுரக் கோயில் தாண்டி, குடத்தனையிலிருந்து மணற்காட்டுக்குத் திரும்பினால் மணற்கும்பிகளும், சவுக்கங்காடும், மணலில் புதைந்த பழைய அந்தோனியார் கோயிலின் இடிபாடும் இருக்கின்றன. இங்கே மணலில் ஸ்கூட்டி புதைவது சாதாரணம். புதைந்ததும் முறுக்கினால் சில்லு இன்னும் கிண்டிக்கொண்டு கீழே போகும். இறங்கி, பின்ரயர்க் காற்றை 20 psi அளவுக்குக் குறைத்து, சில்லுக்கு முன்னால் காய்ந்த பனை ஓலையைப் போட்டு, மெதுவாக முறுக்கியபடி தள்ளுங்கள். தார் வீதிக்கு வந்ததும் காற்றை மறுபடி அடிக்க வேண்டும். கைப்பம்பி கேட்டது இதற்குத்தான்.

அம்பன், நாகர்கோவில், குடாரப்பு, மாமுனை, செம்பியன்பற்று, தாளையடி, மருதங்கேணி, உடுத்துறை, ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு என்று ஊர்கள் தொடரும். 2004 கடல்கோள் இந்தக் கரையை மிக மோசமாக அடித்தது. உடுத்துறையில் நினைவாலயம் இருக்கிறது. கரைவலை இழுக்கிற நேரம் மீனவர் வாடிகளுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கலாம், கயிற்றை மிதிக்காமல் நில்லுங்கள். வலையோடு வந்து மணலில் கிடக்கிற கடற்பாம்பைக் காலாலும் தட்டாதீர்கள், அதன் நஞ்சு கொடியது. சொறி என்கிற இழுதுமீனும் அப்படியே, செத்துக் கிடந்தாலும் சுணைக்கும். பரவைப் பக்கம் தண்ணீருக்குள் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் அரைத்து நடவுங்கள். மண்ணுக்குள் கிடக்கிற திருக்கை அப்போது விலகிப் போகும்.

நாகர்கோவில் பக்கத்தில் ஒன்றை மறக்கக் கூடாது. நாகர்கோவிலிலிருந்து முகமாலை வரை போர்க்காலத்து முன்னரங்கு. கண்ணிவெடி அகற்றிய இடம் எது, அகற்றாத இடம் எது என்பது வெளியாருக்குத் தெரியாது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ சிவப்புத் தடிகளோ கண்டால் அந்தப் பக்கம் ஓர் அடியும் வைக்காதீர்கள். பலகை இல்லாவிட்டாலும் பற்றைக்குள் ஒதுங்க வேண்டாம், ஆட்களும் மாடுகளும் நடந்து தேய்ந்த தடத்திலேயே நில்லுங்கள்.

மருதங்கேணியில் ஒரு முடிவெடுக்க வேண்டும். அங்கிருந்து மேற்கே புதுக்காட்டுச் சந்திக்குப் போகிற வீதி நீரேரியைக் கடந்து கண்டி வீதியில் ஏறும். மதியம் பன்னிரண்டைத் தாண்டிவிட்டாலோ, வானம் கறுத்திருந்தாலோ அதில் திரும்பிவிடுங்கள். அந்த வழியிலும் பறவை உண்டு, தோல்வி ஒன்றுமில்லை. நேரம் இருந்தால் கட்டைக்காடு தாண்டிச் சுண்டிக்குளம் போகலாம். கடைசிப் பகுதியில் கிறவலும் பள்ளமும் வரும், அதற்கேற்ப நேரத்தைக் கூட்டிக் கணக்கிடுங்கள்.

சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமாகி, 2015 இல் தேசியப் பூங்காவானது. பரப்பு 19,500 ஹெக்டயருக்குச் சற்று மேல். வனசீவராசிகள் திணைக்கள அலுவலர்களிடம் கேட்காமல் பூங்கா எல்லைக்குள் வண்டியை விடாதீர்கள். ஊசிவால் வாத்துகள் ஆயிரக்கணக்கில் இறங்குகிற இடம் இது. மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும் ஒன்றாய் மேயும். தண்ணீரோரம் மரக்குற்றி மாதிரிக் கிடப்பது முதலையாக இருக்கலாம், கால் கழுவக்கூட இறங்க வேண்டாம். புதிய யானை இலத்தி கண்டால் வந்த வழியே திரும்புங்கள்.

புதியவர்கள் வண்டியைக் கெடுத்துக்கொள்வதும் இங்கேதான். உப்புப் பூத்து வெளுத்துக் காய்ந்த தரை சமதளமாகத் தெரியும். மேலே ஓர் அங்குலத் தோடு, கீழே கறுப்புக் களி. காரென்றால் அச்சு வரை இறங்கும், உழவு இயந்திரம் வந்துதான் இழுக்க வேண்டும். முதலில் நடந்து பாருங்கள். குதிக்கால் பதிந்து ஈரம் ஊறினால் வண்டி இறங்கக் கூடாது. பழைய சில்லுத் தடம் இருப்பதை நம்பாதீர்கள், அது கோடையில் போனவருடையதாக இருக்கலாம்.

இந்த மணற்பாங்கான கரையில் சுருட்டை விரியன் உண்டு. சிறிய பாம்பு, மண்ணின் நிறம், கல்லுக்கும் ஓலைக் குவியலுக்கும் கீழே கிடக்கும். உட்காருமுன் இடத்தைத் தடியால் தட்டிப் பாருங்கள். கடித்தால் வெட்டவோ கட்டவோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து 1990 க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம். சமிக்ஞை இல்லாத இடமானால் பக்கத்து வாடியில் சொல்லுங்கள், ஆட்கள் உடனே வாகனம் பிடித்துத் தருவார்கள்.

சுண்டிக்குளத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் நிற்க வேண்டாம். கட்டைக்காட்டுக்கு வந்து இயக்கச்சியில் கண்டி வீதியில் ஏறுங்கள். ஆனையிறவு அங்கிருந்து தெற்கே கொஞ்சத் தூரந்தான். வெளிச்சம் மிஞ்சினால் போய் உப்பளப் பக்கம் பார்க்கலாம், ஆனால் வீதியின் நடுத்தாம்போதியில் நிறுத்தாதீர்கள், பாரவூர்திகள் அங்கே விலகிக் கொடுக்காது. பளை, கொடிகாமம், சாவகச்சேரி வழியாக வரும்போது இருட்டினால் மாடுகளைக் கவனியுங்கள். வெயிலில் சூடேறிய தார் வீதியில் இரவில் வந்து படுத்திருக்கும், கறுப்பு மாடு வெளிச்சத்தில் கடைசி நேரத்தில்தான் தெரியும்.

வந்து சேர்ந்த இரவே வண்டியை நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் வரை கழுவுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் கழுவாததற்குச் சமம். உலர்ந்த பிறகு சங்கிலிக்கும் பிரேக் கம்பிக்கும் எண்ணெய் விடுங்கள்.